மூலவோலை எங்கே?

சீர்காழிக் கடைவீதியில் ஒரு அரிசி மண்டியிலோ உரக்கடையிலோ கொடுக்கும் பில்லின் தலைப்பை உற்றுப் பார்த்தால் அடுக்கடுக்காக ஒரு சிறு சரித்திரம் தெரியும். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே சட்டைநாதர் துணை, அல்லது குலதெய்வத்தின் பெயர். பிறகு கடைப் பெயர், புரொப்ரைட்டர் பெயர், தெரு, ஜிஎஸ்டி எண், இரண்டு செல்போன் எண்கள். கடைசியில் இடம் போதாமல் நெருக்கி அச்சிட்ட ஒரு மின்னஞ்சல் முகவரி. பெரும்பாலும் கடைப் பெயரோடு ஏதோ ஒரு எண்ணைச் சேர்த்து இலவசமாகத் திறந்தது. மேலே இருப்பவற்றுக்கெல்லாம் சாட்சி உண்டு. தெருவில் போய் நின்றால் கடை இருக்கும். ஜிஎஸ்டி எண்ணை அரசுத் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். செல்போனில் அடித்தால் தெரிந்த குரல் பேசும். அந்த மின்னஞ்சல் முகவரிக்கு மட்டும் சாட்சி கிடையாது. கடைப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் உள்ள எண்ணை மட்டும் மாற்றி, யார் வேண்டுமானாலும் ஐந்து நிமிஷத்தில் இன்னொரு முகவரியைத் திறந்துவிடலாம். வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இதைப் புதுக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். சட்டம் எப்போதோ கவனித்துவிட்ட விஷயம் இது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 88ஆவது பிரிவு தந்தியைப் பற்றியது. தந்தி ஆபீசில் கொடுத்த வாசகமும் மறுமுனையில் பட்டுவாடா ஆன வாசகமும் ஒன்றே என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்; ஆனால் அனுப்பச் சொல்லி அதை ஆபீசில் கொடுத்த ஆள் யார் என்பதைப் பற்றி எந்த அனுமானமும் செய்யக் கூடாது என்கிறது அது. 2000ஆம் ஆண்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோது இதன் பக்கத்திலேயே 88ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தந்தி இருந்த இடத்தில் மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய ஆளைப் பற்றி அனுமானம் கூடாது என்ற விலக்கு அப்படியே நின்றது. பழைய சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியமும் அந்த விலக்கை விட்டுவிடவில்லை. செய்தி வந்து சேர்ந்தது என்பது ஒன்று, அனுப்பியவர் இன்னார் என்பது மற்றொன்று. காவிரிக் கழிமுகத்தின் வியாபாரமும் நிர்வாகமும் ஆயிரம் ஆண்டுகளாக இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருந்தன. ஓலை என்ன சொல்கிறது என்று ஓலையில் படித்தார்கள்; யார் சொன்னது என்பதற்கு ஓலைக்கு வெளியே ஒரு சாட்சியைத் தேடினார்கள். அந்த வெளிச்சாட்சியை நாம் கைவிட்டது மின்னஞ்சலில்தான். சிறு வியாபாரி நம்பகமான மின்னஞ்சல் எது என்று கேட்கும்போது, தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சாட்சியைத்தான் திரும்பக் கேட்கிறார் என்பது என் வாதம்.

சீர்காழி வட்டத்துக்குள்ளேயே இருக்கிற பூம்புகாரிலிருந்து தொடங்கலாம். புகார்த் துறையில் சுங்கம் கொள்வோர் இறக்குமதிப் பொதிகளிலும் ஏற்றுமதிப் பொதிகளிலும் சோழனின் புலிச் சின்னத்தைப் பொறித்து வெளியே விட்டதைப் பட்டினப்பாலை வருணிக்கிறது. பொதியின் மேல் உடையவரின் அடையாளத்தைக் காட்டும் கண்ணெழுத்து இருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இரண்டும் ஒரே பொதியின் மேல் இருந்தாலும் இரண்டின் வேலையும் வேறு. கண்ணெழுத்து, வியாபாரி தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது. புலி, அவன் சொல்வதை இன்னொருவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அடையாளம். தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள எவராலும் முடியும். புலியைப் பொறிக்கும் அச்சு சுங்கக்காரர் கையில்தான் இருந்தது. பிற்காலச் சோழர் நிர்வாகத்தில் இந்த எச்சரிக்கை ஒரு பெரிய இயந்திரமாகவே வளர்ந்துவிடுகிறது. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் லெய்டன் செப்பேடுகள் என்றும் அறியப்படுபவற்றின் பெரிய தொகுதியில் 21 ஏடுகள். நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்த செய்தி அது. முதலாம் ராஜராஜன் வாயால் சொன்னது ஓலையில் ஏறுகிறது. திருமந்திர ஓலை எழுதுபவர் எழுத, ஓலை நாயகங்கள் ஒப்பிட்டுப் பார்த்துச் சம்மதிக்க, வரிக் கணக்கில் பதிவாகி, பிறகு நாட்டாருக்குப் போகிறது. நாட்டார் அரசனின் திருமுகத்தை எதிர்கொண்டு தொழுது தலைமேல் வைத்துக்கொண்டாலும் காரியம் அதோடு முடிவதில்லை. பெண் யானையை எல்லையில் நடத்தி, ஊர் பார்க்க நிலத்தைச் சுற்றிவந்து, அறவோலை எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் செப்பேட்டில் வெட்டி, வளையத்தில் கோத்து, வளையத்தின் மூட்டில் அரச முத்திரை வைத்தார்கள். வளையத்தை அறுக்காமல் நடுவில் ஒரு ஏட்டைச் செருக முடியாது. 2010இல் மயிலாடுதுறை அருகே கிடைத்த திருஇந்தளூர்ச் செப்பேட்டுத் தொகுதி 80க்கும் மேற்பட்ட ஏடுகள் கொண்டது. அதுவும் இப்படி வளையத்தில் கோத்ததுதான். இத்தனை ஆர்ப்பாட்டம் வெறும் ராஜ டாம்பீகம் என்று தள்ளிவிடத் தோன்றும். டாம்பீகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஆணை ஐந்தாறு கைகளில் ஐந்தாறு இடங்களில் பதிவானால், பொய் ஆணை ஒன்றை உண்டாக்க நினைப்பவன் அத்தனை இடங்களிலும் கைவைத்தாக வேண்டும். செலவு ஏறுகிறது. பாதுகாப்பு என்றால் அன்றைக்கும் இன்றைக்கும் ஏமாற்றுபவனின் செலவை ஏற்றுவதுதான்.

ஓலையின் உண்மையைச் சோதிக்கும் காட்சிகளில் தமிழில் மிகத் துல்லியமானது எது என்று கேட்டால், பெரியபுராணத்தில் சேக்கிழார் நடத்திக்காட்டும் திருவெண்ணெய்நல்லூர் வழக்கைத்தான் சொல்வேன். பக்திக் கதையாகவே கேட்டுப் பழகியதால் அதில் உள்ள வழக்காடு நுட்பம் நம் கண்ணில் படுவதில்லை. சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். சபைக்கு வழக்கு போகிறது. கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் கிழவர். சபையார் மூலவோலையைக் கரணத்தானை விட்டு வாசிக்கச் சொல்கிறார்கள். அதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. சாட்சிக் கையெழுத்துகளைப் பார்க்கிறார்கள். பிறகு, காப்பில் இருக்கும் பாட்டனாரின் வேறொரு கைச்சாத்தை வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தை ஒப்புநோக்குகிறார்கள். அந்த ஒப்போலை கிழவர் கொண்டுவந்ததில்லை. அவர் கைபடாத இடத்திலிருந்து வந்தது. வந்த ஓலையை வந்த ஓலையாலேயே மெய்ப்பிக்க முடியாது என்பது 12ஆம் நூற்றாண்டுக் கவிக்குத் தெரிந்திருக்கிறது. சந்தேகக் கையெழுத்தை, ஒப்புக்கொண்ட அல்லது நிரூபணமான இன்னொரு கையெழுத்தோடு நீதிமன்றம் ஒப்பிடலாம் என்ற 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 73ஆவது பிரிவைப் படிக்கும்போது திருவெண்ணெய்நல்லூர்ச் சபை ஞாபகம் வராமல் போகாது. அந்தச் சட்டம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1860ஐ ஒட்டி, சீர்காழியில் முன்சீபாக இருந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சீகாழிக் கோவை அவர் ஆதரவில் இந்த ஊரில் அரங்கேறியதை இலக்கிய உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் முன்சீப் கோர்ட்டின் அன்றாடச் சோறு கடன் பத்திரம்தான்: எழுதிக்கொடுத்தேன், இல்லை, எழுதவில்லை, கையெழுத்து என்னுடையது, என்னுடையதல்ல. சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சித்தாந்த சங்கிரகம் என்று அவர் தமிழில் கொண்டுவந்ததற்கு, இந்த வழக்காடிகளுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதைத் தவிர வேறு காரணம் வேண்டியதில்லை. பின்னால் ரிஜிஸ்திரார் ஆபீஸ் வந்து, பத்திரத்தின் நகல் ஒன்று அரசாங்கப் புத்தகத்தில் ஏறத் தொடங்கியதும், பாட்டனாரின் ஒப்போலைக்கு ஊருக்கு ஊர் ஒரு காப்பு கிடைத்தது.

தபாலின் கதையில் நம் ஆட்களின் புத்தி இன்னும் நன்றாகத் தெரிகிறது. 1854 அக்டோபரில் அரையணாத் தபால்தலை ஒட்டினால் இந்தியாவில் எங்கும் கடிதம் போகும் என்றானது. 1879இல் காலணா கார்டு வந்தது. கார்டு திறந்த கடிதம். தபால்காரர் படிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் படிக்கலாம். வியாபாரிகள் அதை விலை விசாரிக்கவும், சரக்கு வந்தது என்று சொல்லவும், நலம் கேட்கவும் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். பத்திரமோ பணமோ என்றால் கார்டின் பக்கம் போகமாட்டார்கள். அதற்கு ரிஜிஸ்டர் தபால், இன்ஷ்யூர் செய்த உறை, 1880 முதல் மணியார்டர். வக்கீல் நோட்டீஸ் என்றால் ரிஜிஸ்டர் தபாலோடு ஏ.டி. கார்டும் சேர வேண்டும். வாங்கியவர் கையெழுத்தோடு அந்த அட்டை திரும்பி வந்து கேஸ் கட்டில் சேர்ந்தால்தான் வக்கீல் குமாஸ்தாவுக்கு நிம்மதி. சரியான முகவரி எழுதி, தபால் செலவு கட்டி, ரிஜிஸ்டர் செய்து அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்று 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டமும் இந்த வழக்கத்துக்குப் பலம் கொடுத்தது. சேதி எப்படிப்பட்டதோ அதற்கேற்ற வண்டி என்பதே இதில் உள்ள கணக்கு; எல்லாவற்றுக்கும் ஒரே வண்டி என்று யாரும் நினைக்கவில்லை. தந்தியில்கூட அப்படித்தான். தந்தி வந்தால் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும் என்பது குடும்பங்களின் அனுபவம். ஆபீஸ்களில் தந்தி வந்தால் அதை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முக்கியமான தந்திக்குப் பின்னால் அதை உறுதிப்படுத்தும் கையெழுத்திட்ட தபால் நகல் வரும் என்பது வழக்கம். வேகத்துக்குத் தந்தி, நம்பிக்கைக்குத் தபால். 2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. 2025இல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்டுக்குள் கரைந்தது.

பணம் கைமாறும் இடத்தில் இந்த இரட்டை வழி இன்னும் கறாராக இருந்தது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல் கழிமுகத்தின் நெல் வியாபாரத்துக்கு அந்நியமானதல்ல. தர்சன உண்டியலைக் காட்டினால் உடனே பணம், தவணை உண்டியல் என்றால் சொன்ன நாளில். உண்டியலைக் கொண்டுவருபவர் ஒரு வழியில் வருவார். இன்னாருக்கு இவ்வளவுக்கு உண்டியல் எழுதியிருக்கிறேன் என்ற அறிவிப்புக் கடிதம் தனியாக இன்னொரு வழியில் வரும். இரண்டும் பொருந்தினால் பெட்டி திறக்கும். வங்கிகள் தந்தியில் பணம் மாற்றியபோதும் இதே முறை வேறு வேஷத்தில் வந்தது. தொகை, தேதி முதலியவற்றிலிருந்து கணக்கிட்ட ஒரு ரகசியக் குறியெண்ணைத் தந்தி வாசகத்தில் சேர்ப்பார்கள். அதைச் சரிபார்க்கும் குறிப்பேடு மேலாளரின் பெட்டகத்தில் இருக்கும். தந்தி மாஸ்டர் முழு வாசகத்தையும் படித்தாலும் அடுத்த தந்தியைப் பொய்யாக எழுத முடியாது. இங்கே ஒரு மறுப்பு எழும், எழவும் வேண்டும். அந்தக் காலத்து நம்பிக்கை என்பது சாதிக்குள், உறவுக்குள் சுற்றிய நம்பிக்கைதானே? உண்டியலை ஏற்றவர்கள் எழுதியவரின் கோயிலையும் குலத்தையும் அறிந்தவர்கள். வெளியாளுக்கு அந்தக் கதவு திறந்ததா? திறக்கவில்லை. முதல் தலைமுறையாகக் கடை வைத்த ஒருவருக்கு, சேரியிலிருந்து வந்து அரவை மில் போட்ட ஒருவருக்கு, அந்த வலையில் இடமில்லை. மின்னஞ்சல் குலம் கேட்பதில்லை; சீர்காழியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரே எழுதலாம். அந்த அளவில் அது பெரிய விடுதலை. போலி உண்டியலும் போலி முத்திரையும் பழைய காலத்திலும் உண்டு, இல்லாவிட்டால் முன்சீப் கோர்ட்டுக்கு வேலை ஏது? ஆகவே பழையதற்கு ஏங்கிப் பயனில்லை. ஆனால் இந்த மறுப்பிலிருந்தே ஒன்று தெளிவாகிறது. உறவு வலை உள்ளவனுக்கு முத்திரை இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும். வலை இல்லாதவனுக்குத்தான் முத்திரை அவசியம்.

மின்னஞ்சலும் அப்படி ஓர் அறிமுக வட்டத்துக்குள் பிறந்ததுதான் என்பது வேடிக்கை. இன்றும் கடிதங்களை ஏந்திச் செல்லும் எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறையை ஜோனதன் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டபோது, அந்த வலையில் இருந்தவை சில நூறு கணினிகள். பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக் கூடங்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள். அனுப்புநர் இன்னார் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் அது அப்படியே ஏற்கப்பட்டது. சரிபார்க்கும் வழி விதியிலேயே இல்லை. ஒரு செட்டியார் ஊரின் நம்பிக்கை போல அது அந்த வட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு வட்டத்தின் வேலியை எடுத்துவிட்டு உலகத்தையே உள்ளே விட்டார்கள். முத்திரை வைக்க மறந்துபோனார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது சென்னை முதல் நகரங்களில் ஒன்று. கழிமுகத்துச் சிறு ஊர்களுக்கு அது பிரௌசிங் சென்டர் வழியாக வந்தது. முகவரியைத் திறந்துகொடுத்ததும் கடவுச்சொல்லை வைத்ததும் சென்டரில் உட்கார்ந்திருந்த பையன். அடுத்த அலை 2017 ஜூலையில் ஜிஎஸ்டியோடு வந்தது. பதிவுக்கு ஒரு மின்னஞ்சல் கட்டாயம் என்றதும், அதுவரை அப்படி ஒன்று தேவைப்படாத கடைக்காரர்கள் ஆடிட்டர் ஆபீசின் முகவரியையோ அவசரத்துக்கு ஒன்றையோ கொடுத்தார்கள். இந்த வரலாற்று விபத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தபால் நம் கடைகளுக்குள் கடிதமாக வந்தது, அதற்கு வேண்டிய ஒழுக்கத்தோடு வந்தது. மின்னஞ்சல் ஒரு படிவத்தின் காலிக் கட்டமாக வந்தது. நிரப்பியாக வேண்டும், நிரப்பினோம். அந்தக் கட்டத்துக்குத்தான் இன்று ஓ.டி.பி. வருகிறது, வங்கியின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு வருகிறது, சரக்கு அனுப்பியவரின் பில்லும் கணக்கு எண்ணும் வருகின்றன. காலணா கார்டை வைத்துக்கொண்டு இன்ஷ்யூர் உறையின் வேலையை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதன் விலை என்ன என்பதற்குக் கழிமுகத்தோடு தொடர்புள்ள ஒரு பெயரையே எடுத்துக்கொள்ளலாம். காரைக்காலை மையமாகக் கொண்டு காவிரிப் படுகையிலும் எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி. நிறுவனம், 2015இல் சவூதி அராம்கோவுக்கு நாப்தா விற்றது. பணம் வர வேண்டிய கட்டத்தில் அராம்கோவுக்கு ஒரு மின்னஞ்சல் போனது: வழக்கமான வங்கிக் கணக்குக்குப் பதிலாக வேறு கணக்கில் செலுத்தவும். அனுப்பிய அதிகாரியின் பெயர் சரி. முகவரியின் வால்பகுதியில் மட்டும் ஓ, என், ஜி, சி என்ற நான்கு எழுத்தில் நடு இரண்டும் இடம் மாறி ஓ, ஜி, என், சி என்று நின்றன. சுமார் 197 கோடி ரூபாய் திசைமாறியதாக மும்பைப் போலீசில் புகார் பதிவானது. எந்தக் கணினியையும் உடைக்காமல், எந்தக் கடவுச்சொல்லையும் திருடாமலேயே இப்படிச் செய்ய முடியும். இரண்டு எழுத்தை மாற்றிப் போட்டு ஒரு பெயரைப் பதிவு செய்ய ஆகும் செலவு சில நூறு ரூபாய். படியோலையைப் படித்துவிட்டு மூலவோலை எங்கே என்று கேட்காததால் வந்த வினை இது. அந்த நிறுவனத்தின் பழைய கடிதத்தில் இருக்கும் ஒரு தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம் என்று இன்று உட்கார்ந்து சொல்வது சுலபம். பெரிய நிறுவனங்கள் என்பதாலேயே அங்கே ஒருவரும் கூப்பிடவில்லை என்பது என் ஊகம்; ஒருவர் இன்னொருவர் கேட்டிருப்பார் என்று இருந்துவிடுவார். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்கு இவ்வகை வணிக மின்னஞ்சல் மோசடிகளில் இழந்ததாக 2023 என்ற ஒரே ஆண்டில் வந்த புகார்களின் தொகை சுமார் 290 கோடி டாலர்.

இன்னொரு சம்பவம் இன்னும் பக்கத்தில், கும்பகோணத்தில் நடந்தது. 1904இல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கி இன்று சிட்டி யூனியன் வங்கியாக இருப்பது கழிமுகத்தின் வியாபாரப் பணத்தால் வளர்ந்த நிறுவனம். 2018 பிப்ரவரியில் அதன் பெயரில் மூன்று அயல்நாட்டுப் பணப் பரிமாற்ற ஆணைகள், வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலை வழியாகப் போயின: துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். வங்கியில் யாரும் அவற்றை அனுப்பவில்லை. சர்வதேச இணையக் குற்றவாளிகளின் தாக்குதல் என்று வங்கியே அறிவித்தது. தாக்கியவர்கள் செய்த காரியங்களில் ஒன்று, ஸ்விஃப்ட் கணினியோடு இணைந்திருந்த பிரின்டரைச் செயலிழக்கச் செய்தது. அனுப்பிய ஒவ்வொரு ஆணைக்கும் ஏற்பு வாசகம் அதில் அச்சாக வேண்டும், அச்சாகவில்லை. 2016இல் வங்கதேச மத்திய வங்கியிலிருந்து 8.1 கோடி டாலர் போனபோதும் பிரின்டரை ஊமையாக்கினார்கள். வேலை கேட்டு எழுதியதைப் போன்ற மின்னஞ்சல்களில் அந்தத் தாக்குதல் தொடங்கியதாக அமெரிக்கப் புலனாய்வாளர்கள் பின்னால் நீதிமன்றத்தில் சொன்னார்கள். பிரின்டரிலிருந்து வரும் தாளை அத்தனை பெரிதாக நினைத்தவர்கள் நம் ஆட்களைவிட அந்தத் திருடர்கள்தான். அது ஏ.டி. கார்டு. அது திரும்பி வராவிட்டால் சந்தேகம் வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கும்பகோணத்தில் பிப்ரவரி 7ஆம் தேதி கணக்கை ஒப்புநோக்கியபோதுதான், தாங்கள் அனுப்பாத மூன்றும் வெளிப்பட்டன. துபாய்க்குப் போனது உடனே தடுக்கப்பட்டது. உயர்தரத் தொழில்நுட்பம் கோட்டைவிட்ட இடத்தில், இரண்டு கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் திருவெண்ணெய்நல்லூர் வேலை பிடித்துக்கொடுத்தது.

முத்திரை மறுபடி வந்துசேர்ந்த கதை மெதுவானது. ஒரு பெயரின் சார்பில் எந்தெந்த அனுப்பும் கணினிகள் கடிதம் கொண்டுபோகலாம் என்று பட்டியல் கட்டிவைக்கும் எஸ்.பி.எஃப். 2006இலும், கடிதத்தின் மேல் கணித முத்திரை வைக்கும் டி.கே.ஐ.எம். 2007இலும் விதிகளாக வெளியாயின. பட்டியலிலும் இல்லை, முத்திரையும் இல்லை என்றால் அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று பெயருக்கு உரியவர் முன்கூட்டியே ஆணையிட்டு வைக்கும் டி.மார்க் 2012இல் வந்தது. மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இவற்றைக் கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கியது 2024 பிப்ரவரியில்தான். 1982 முதல் எண்ணினால் 40 ஆண்டுக்கு மேல். இந்த மூன்றையும் பூட்டிவைக்கச் சொந்தப் பெயர் வேண்டும், அதாவது கடையின் பெயரிலேயே ஒரு இணைய முகவரி. அந்தப் பெயர் வெப்சைட் போட்டுக்கொடுத்த பையன் பேரில் இல்லாமல் முதலாளி பேரில் பதிவாகியிருக்க வேண்டும். செலவு ஆண்டுக்குச் சில ஆயிரம். இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு: இலவச ஜிமெயில், மலிவான ஹோஸ்டிங்கோடு ஒட்டிவரும் சொந்தப் பெயர் மின்னஞ்சலைவிடப் பத்திரமானதாயிற்றே? உண்மை. இரண்டடுக்கு உள்நுழைவு இல்லாத, எவரும் கவனிக்காத ஒரு சர்வரில் கிடக்கும் அழகான முகவரியைவிட, இரண்டடுக்கு உள்நுழைவோடு இருக்கும் இலவச முகவரி எவ்வளவோ மேல். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்வதுதான் சரி. முதலில் உள்நுழைவில் இரண்டாவது பூட்டு, மீட்பு எண்ணாக முதலாளியின் சொந்த செல்போன். ஆடிட்டர் ஆபீஸ் எண் வேண்டாம். அது பழகிய பிறகு, கூகுளோ மைக்ரோசாஃப்டோ நம் தென்காசிப் பக்கம் வேர்விட்ட ஜோஹோவோ, முத்திரை வைப்பதைத் தன் அன்றாட வேலையாகச் செய்யும் ஒரு சேவையில் சொந்தப் பெயர். எத்தனை ஜிபி இடம் என்ற கேள்வி இதற்கெல்லாம் பிறகு. ஆனால் இந்த முத்திரை எவ்வளவு தூரம் பேசும் என்பதையும் மறைக்கக் கூடாது. அது பெயருக்குத்தான் சாட்சி, ஆளுக்கு இல்லை. எழுத்து இடம் மாறிய பெயருக்கும் அதன் சொந்தக்காரன் முறைப்படி முத்திரை வைத்துக்கொள்ளலாம். எல்லாச் சோதனையிலும் அது தேறிவிடும். அதனால் கணக்கு எண் மாறியது என்று எந்தக் கடிதம் வந்தாலும், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டுப் பழைய பில்லில் உள்ள எண்ணைக் கூப்பிட்டுக் கேட்பது என்ற பழக்கத்துக்கு மாற்று எந்த நிறுவனமும் விற்பதில்லை.

சீர்காழியில் ஒரு விதைக்கடைக்காரரை எவன் குறிவைக்கப் போகிறான், எல்லாம் வாட்ஸ்அப்பில்தானே நடக்கிறது என்பது கடைசியாகக் கேட்கும் சமாதானம். குறிவைப்பதில்லை என்பது சரிதான். வலை வீசுபவன் ஒரு மீனைக் குறிவைப்பதில்லை. கண்ணியில் விழுந்த முகவரியில் இருக்கும் பழைய கடிதங்களைப் படித்து, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று தெரிந்துகொண்டு, அறுவடை முடிந்து பணம் புரளும் வாரத்துக்குக் காத்திருப்பது அடுத்த கட்டம். வாட்ஸ்அப்பில் குரலும் முகமும் இருப்பதால் கொஞ்சம் ஆறுதல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அரசு டெண்டரும் வங்கிக் கடனும் ஏற்றுமதிப் பத்திரமும் மின்னஞ்சலைத்தான் கேட்கின்றன. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் நடுவழியில் நிற்க வாய்ப்பு அதிகம்.

சீர்காழிக்கு இதில் தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. பிரமபுரம், வேணுபுரம், தோணிபுரம், கழுமலம் என்று பன்னிரண்டு பெயர் கொண்ட ஊர் இது. பதிகத்தில் எந்தப் பெயர் வந்தாலும் கேட்பவருக்கு ஊர் ஒன்றுதான். இங்கிலீஷ் எழுத்தில் அப்படி முடியாமல் போயிற்று. வெள்ளைக்காரன் இதை ஷியாளி என்று எழுதினான். 1892இல் இங்கே பிறந்த நூலகவியல் மேதை எஸ்.ஆர். ரங்கநாதனின் தலைப்பெழுத்தில் உள்ள எஸ். அந்த ஷியாளிதான். ரயில் நிலையத்தின் குறியீடு இன்றும் எஸ், ஒய். சிறப்பு ழகரத்தைச் சிலர் இசட், ஹெச் போட்டு எழுதுகிறார்கள், சிலர் வெறும் எல் போடுகிறார்கள். முதல் எழுத்துக்கு ஒரு ஐ, அல்லது இரண்டு ஈ. பஸ் போர்டிலும் பள்ளிக்கூடப் போர்டிலும் வங்கிக் கிளையின் போர்டிலும் எழுத்துக்கூட்டல் ஆளுக்கொன்று, அதைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. ஊர்ப் பெயரைச் சேர்த்துத் தன் கடைக்கு ஒரு இணையப் பெயர் வாங்கும் வியாபாரி இவற்றில் ஒன்றைத்தான் வாங்குகிறார். மீதி நாலைந்தும் கடையில் தொங்கும் வாழைத்தார் போல எவர் கைக்கும் எட்டுகிற தூரத்தில் இருக்கின்றன.